திருப்பித் தர வேண்டிய பூ

1

நம் ஊர்ச் சங்க மலரில் ‘கடல் கடந்த நம்மவர்’ என்று ஒரு பக்கம் வருகிறது. துபாயிலிருந்து ஒருவர் ஒட்டகத்தைப் பற்றி எழுதினார். கனடாவிலிருந்து ஒரு அக்கா பனியைப் பற்றி எழுதினார். நான் சுங்குவார்சத்திரத்திலிருந்து எழுதுகிறேன். ‘நீ எந்தக் கடலைக் கடந்தாய்?’ என்று சங்கச் செயலாளர் கேட்கக் கூடாது. அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி, கொள்ளிடத்தையும் பாலாற்றையும் கடந்து, சிங்கப்பெருமாள்கோயிலில் இறங்கி, ஒரகடம் வழியாக இன்னொரு பஸ் பிடித்து வந்தவள் நான். பாலாற்றில் தண்ணீர் இல்லாதது என் குற்றமல்ல.

வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. எங்க வீட்டுக்காரர் ஆறுமுகம் இங்கே காருக்கு உதிரிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறார். எங்கள் மகள் அம்முவுக்கு நான்கு வயது. அவள் இந்த மண்ணிலேயே பிறந்தவள், அதனால் எங்களை வெளியூர்க்காரர்களாகத்தான் பார்க்கிறாள். மஞ்சள் பெயின்ட் அடித்த எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப் போய், “ஆச்சிகிட்ட பேசுட்டி” என்று ரிசீவரைக் கொடுத்தால், “ஹலோ, இன்னா பண்ணிகினு கீற?” என்கிறாள். என் மாமியார் ராங் நம்பர் என்று இரண்டு முறை வைத்துவிட்டார்கள். மூன்றாம் முறை, “ஏட்டி செண்பகம், பிள்ளைய யார்ட்ட விட்டு வளக்க?” என்று கேட்டார்கள்.

பிள்ளையை வளர்ப்பது பாதி நான், பாதி கன்னியம்மாக்கா. கன்னியம்மாக்கா எங்கள் வீட்டு ஓனர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வல்லம் வடகால் பக்கம் இருந்த நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு துண்டில் கத்தரி, வெண்டை, வெள்ளரி, கீரை போட்டுக் காஞ்சிபுரம் உழவர் சந்தையில் விற்கிறார். வீட்டுக் கொல்லையில் ஒரு பரங்கிக்கொடியும் உண்டு. நாம் பூசணி என்போமே, அதுதான் இங்கே பரங்கி. நான் பூசணி கேட்டதற்கு முதல் வருடம், இவர்கள் பூசணி என்று சொல்லும் நம் தடியங்காயைத் தூக்கிக் கொடுத்தார். சிரமப்பட்டுத்தான் பழகிக்கொண்டோம்.

அந்தக் கொடியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அம்மு ஒருநாள் அதிலிருந்து ஒரே ஒரு மஞ்சள் பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டாள். கன்னியம்மாக்கா பம்ப்செட் அருகிலிருந்து போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது.

“அது பூவு இல்லமா, காயி! ஒரு காய ஒடைச்சித் தலையில சொருவிகினு நிக்குது பாரு உம் பொண்ணு!”

பிறகு என்னைக் கூப்பிட்டுப் பாடம் நடத்தினார். நீளக் காம்பில் வெறுமனே நின்றால் அது ஆண் பூ, காய்க்காது. பூவுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று உருண்டிருந்தால் பெண் பூ, அதுதான் காய். பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டி நின்றாலும் எது ஆண், எது பெண் என்று அவருக்குத் தெரியும். அம்மு பறித்தது பெண். இரண்டு நாள் எங்களோடு அவர் பேசவில்லை.

2

இனி விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை முதல் நாள் நாம் எல்லோரும் கனி காண்கிறோம். தாம்பாளத்தில் காய்கனியும் கொன்றைப் பூவும் கண்ணாடியும் வைத்து, விடியற்காலையில் கண்ணைத் திறவாமல் நடந்து வந்து அதன் முன்னால் விழிக்கிறோம். சிறு வயதில் எனக்கு இது பிடித்ததே இல்லை. என் மாமா மூக்குப்பொடி விரல்களால் என் கண்ணைப் பொத்திக் கூட்டிப் போவார். நிலைப்படியில் தவறாமல் கால் பெருவிரலை இடித்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு புது வருடத்திலும் நுழைந்திருக்கிறேன். ஆனால் ஊரை விட்டு வந்தால் பிடிக்காததெல்லாம் கட்டாயமாகிவிடுகிறது.

இங்கே வந்த பிறகு நான்கு வருடமாக எங்க வீட்டுக்காரர் கனி காணவில்லை. எல்லா வருடமும் ஷிப்ட் குறுக்கே வந்தது. ஒரு சித்திரை ஒன்றாம் தேதி அவர் கண் விழித்தது லைனில், சூப்பர்வைசர் முகத்தில். நான்கு வருடமும் அவர் டிரெய்னியாகவே இருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட என் மாமியாருக்கு ஒரு போன் கால்தான் தேவைப்பட்டது.

“கனி காணாதவனுக்கு எப்படிட்டி வேலை நெலைக்கும்? சூப்பரேசர் மூஞ்சில முழிச்சா சூப்பரேசருக்குத்தான் பெர்மனென்ட் ஆவும்.”

சிரித்துவிட்டு போனை வைத்தேன், வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். இந்தச் சித்திரையிலேயே அவருடைய டிரெய்னிங் காலம் முடிகிறது. பெர்மனென்ட் ஆர்டர் வந்தால் இருப்போம். வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊருக்குப் போனால் அவருக்கு வேலை இல்லை, அம்முவுக்குப் பாஷை இல்லை. ஆகவே இந்த வருடம் கனியை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பங்குனிக் கடைசியில் கன்னியம்மாக்காவோடு முதல் பஸ்ஸில் உழவர் சந்தைக்குப் போனேன். அங்கே போட்டோ ஒட்டிய விவசாயி அட்டை இருந்தால்தான் உட்கார்ந்து விற்க முடியும். அதிகாரி தினமும் அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். கன்னியம்மாக்கா அந்தப் போட்டோவுக்காக முறைத்ததைப் போலவே அவரையும் முறைப்பார், அவர் ‘சரிதான்’ என்று போய்விடுவார். அந்த மாதத்துச் சந்தை கண்ணுக்கு அவ்வளவு நன்றாக இருக்கும். பனித்துளியோடு வெள்ளரிப் பிஞ்சு, காம்பில் பால் காயாத மாங்காய், கை நீள முருங்கைக்காய், ஊதாவில் வெள்ளை வரியோடிய கத்தரி. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்கிறவர்களுக்குக் கன்னியம்மாக்கா விற்க மாட்டார். “ஒடைச்சவரே எட்துகினு போ” என்று ஒடிந்ததை மட்டும் கையில் கொடுப்பார்.

கனித் தாம்பாளத்துக்கான என் பட்டியலைக் கேட்டு அவருக்கு ஆச்சரியம். “பூசணிக்காய சாமி எதிர்ல வெச்சி கண்ணு முழிப்பீங்களா? எங்கூருல அத்தத் திருஷ்டி சுத்தி ரோட்ல ஒடைப்போம். இன்னா ஊரும்மா உங்க ஊரு?” என்றார். ஆனால் வெள்ளரியை அவரே பொறுக்கித் தந்தார், முழங்கை நீளத்தில், பழுத்து மஞ்சள் பாய்ந்தது.

3

எல்லாம் கிடைத்தது, கொன்றைப் பூ கிடைக்கவில்லை. நாலு வழிச் சாலைக்காக ரோட்டோரத்து மரங்களையெல்லாம் வெட்டியிருந்தார்கள். எனக்குத் தெரிந்து சுற்றுவட்டாரத்தில் பூத்து நின்றது ஒரே ஒரு மரம். அது எங்க வீட்டுக்காரர் கம்பெனிக்கு உள்ளே, ரிசப்ஷன் எதிரே நின்றது.

சித்திரைக்கு முந்தின நாள் காலையில் சி ஷிப்ட், அதாவது ராத்திரி ஷிப்ட் முடிந்து, தோட்டக்காரரைக் கேட்டு எங்க வீட்டுக்காரர் ஒரு கொத்து வாங்கிவிட்டார். கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார்.

“இன்னா இது?”

“பூ.”

“கம்பெனிப் பூவா?”

“கம்பெனி மரத்துப் பூ.”

“அப்போ கேட் பாஸ் வோணும். பாஸ் இல்லாம இங்கருந்து ஒரு போல்ட்டு நட்டு வெளில போவாது.”

ஸ்டோர்ஸ் திறக்கும் வரை காத்திருந்ததில் கம்பெனி பஸ் போய்விட்டது. ஸ்டோர்ஸில் இருந்தவர் நல்ல மனிதர், ஒரு யோசனை சொன்னார். திருப்பித் தராத பொருள் என்றால் பிளான்ட் மேனேஜர் கையெழுத்து வேண்டும், அவர் பத்து மணிக்குத்தான் வருவார். திருப்பித் தரும் பொருள் என்றால் சூப்பர்வைசர் போதும். எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றியது. பூவை யார் திருப்பிக் கேட்கப் போகிறார்கள் என்று ‘ரிட்டர்னபிள்’ கட்டத்தில் டிக் போட்டுவிட்டார். ‘பொருள்: மஞ்சள் பூ. அளவு: ஒரு கொத்து. திருப்பித் தர வேண்டிய நாள்: பத்து நாளுக்குள்.’ சூப்பர்வைசர் வாசிக்காமல் கையெழுத்திட்டார். கம்ப்யூட்டரிலும் ஏற்றினார்கள்.

4

அடுத்த சிக்கல் தூக்கம். கனி என்றால் தூங்கி விழித்துக் காண வேண்டும். முந்தின நாள் இரவு சி ஷிப்டுக்குப் போனவர், ராத்திரி முழுக்க விழித்தேதான் இருப்பார். அப்படிப்பட்டவருக்குப் பொழுது எப்போது விடிகிறது? மாமியாரிடம் பூத்திலிருந்து கேட்டேன். தீர்ப்புச் சொன்னார்கள்: “வார வழியில பஸ்ஸில தூங்குவாம்லா? அதுவும் தூக்கந்தான். முழிச்சதும் கண்ணத் தொறக்காம வரச் சொல்லு.”

இது எங்க வீட்டுக்காரர் வாயிலாக லைன் முழுக்கப் பரவிவிட்டது. எல்லாம் திருநெல்வேலி, தென்காசிப் பையன்கள், பக்கத்துத் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள். “அண்ணாச்சி, நாங்களும் வாரோம்” என்று ஏழு பேர் சேர்ந்துகொண்டார்கள். எட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டால் வழி காட்டுவது யார்? அதே லைனில் நிற்கும் தூத்துக்குடி அந்தோணி கை தூக்கினான். “எனக்கு இப்பத்தான் ஈஸ்டர் முடிஞ்சிட்டு. நா கண்ணத் தொறந்துக்கிட்டு வாரேன், அவியலு மட்டும் எனக்கும் உண்டு” என்றான்.

சித்திரை முதல் நாள் காலை, நன்றாக விடிந்திருந்தது. உள்ளறையில் கனி தயார். நான் கொல்லைப்புறத்தில் அம்முவின் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் நடந்ததைப் பிறகு அந்தோணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து அவன் இறங்கினான். அவன் தோளில் ஒருவன் கை, அவன் தோளில் இன்னொருவன் கை, இப்படி எட்டுப் பேர் யூனிபாரத்தோடு கண்ணை இறுக்க மூடி, ஒரே வரிசையில் ஊர்ந்து வந்தார்கள். டீக்கடையில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஒரு லாரிக்காரர் லாரியை நிறுத்திக் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

கன்னியம்மாக்கா வாசலில் கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தார். அவருடைய கொழுந்தனுக்கு முன்பொரு சமயம் கண்ணில் வெல்டிங் வெளிச்சம் அடித்து, இதே மாதிரிதான் யாருடைய தோளையோ பிடித்துக்கொண்டு வந்தாராம். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“ஐயோ, எட்டுப் பேருக்கும் வெல்டிங் அட்ச்சிருச்சே! கண்ணத் தொறக்காதீங்கோ! யாரும் தொறக்காதீங்கோ! செவுத்தோரமா குந்துங்க!”

கண்ணைத் திறக்கக் கூடாது என்று ஒரு பெண்குரல் சொன்னதும் அவர்கள் பயபக்தியோடு உட்கார்ந்துவிட்டார்கள். அந்தோணிக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அதைப் பார்த்து, “பாவம், இவனுக்கு வவுறும் போய்ச்சி” என்று கன்னியம்மாக்கா இன்னும் பதறினார். வெல்டிங் அடித்த கண்ணுக்கு வெள்ளரி குளிர்ச்சி. வெள்ளரி எங்கே இருக்கிறது? எங்கள் உள்ளறையில், தாம்பாளத்தில்.

நான் எண்ணெய்க் கையோடு ஓடி வந்தபோது எட்டுப் பேரும் சுவரோரமாகத் தலையை அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்கள். பதினாறு கண்ணிலும் பதினாறு வெள்ளரி வில்லை. அரிவாள்மனை முன்னால் கன்னியம்மாக்கா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“செண்பகம்,” என்றார் எங்க வீட்டுக்காரர், முகத்தைத் திருப்பாமல். “கண்ணு நல்லா குளுகுளுன்னு இருக்குட்டி. இந்தப் பக்கம் கனிய இப்படித்தான் காமிப்பாவளா?”

“யோவ், கண்ணு தெரியுதா?” என்று கன்னியம்மாக்கா அவர் கண்ணிலிருந்த வில்லையை எடுத்தார். ஆக, ஐந்து வருடத்தில் முதல் முறையாக என் கணவர் சித்திரை ஒன்றில் முறையாகக் கண் விழித்தார். முன்னால் ஒரு துண்டு வெள்ளரிக்காய், அதற்குப் பின்னால் அழுது வடியும் வீட்டு ஓனர்.

நான் அழுதேன். சிரிப்பு வந்தது, இருந்தாலும் அழுதேன். நான்கு வருடம் கழித்துக் கை கூடிய கனியை ஒரு நல்ல மனசு அரிந்து வைத்துவிட்டதே, யாரை நோவது? விஷயம் விளங்கியதும் கன்னியம்மாக்கா தலையில் அடித்துக்கொண்டார். “நா சண்டாளி. சாமிப் பொருள அரிஞ்சிட்டனே. உம் வூட்டுக்காருக்கு வேல பூட்டா எம் மூஞ்சில முழிச்சதாலதான்னு சொல்லுவியே.” நான் சொல்ல மாட்டேன் என்றேன். மனசுக்குள் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தேன்.

மாமியாருக்கு போன் செய்தேன். நடந்ததை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு, “அது தாம்பாளத்துல இருந்த வெள்ளரிதானட்டி?” என்றார்கள். ஆமாம் என்றேன். “அப்பொ கனி கண்டாச்சு. நாமெல்லாம் ரெண்டடி தள்ளி நின்னு காணுதோம். அவன் கண்ணுலயே வச்சுல்லா கண்டிருக்கான்!”

அப்புறம் சமையல். தாம்பாளத்தில் மிஞ்சியதையெல்லாம் விரல் நீளத்துக்கு நறுக்கினேன். முருங்கைக்காய், வாழைக்காய், சேனை, தடியங்காய், கத்தரி, கடைசியில் புளிப்புக்கு மாங்காய். கண்ணில் வைத்த வெள்ளரியைச் சேர்க்கவில்லை, கழுவினாலும் மனசு ஒப்பவில்லை. தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் தட்டிப் போட்டு, இறக்கியதும் பச்சைத் தேங்காய் எண்ணெயை ஊற்றினேன். ஒத்தாசைக்கு வந்த கன்னியம்மாக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

“இன்னாம்மா, தலைக்கு ஊத்தறத எட்து சோத்துல ஊத்தறே? கொயந்த தலைக்கு வெச்சது மிஞ்சிட்சா?”

அவர் தன் பங்குக்கு மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் போட்டுப் பச்சடி கொண்டுவந்தார். எங்கள் பையன்கள் அதை வாயில் வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தோணி மட்டும் இரண்டையும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

சாப்பாட்டுச் சந்தடியில் கன்னியம்மாக்காவின் ஆடு உள்ளே புகுந்து கொன்றைப் பூவைத் தின்றுவிட்டது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

5

பதினோராவது நாள் அவர் வெளுத்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். பெர்மனென்ட் லிஸ்டில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் ஆர்டர் கையில் கிடைக்க, கேன்டீன், டூல் ரூம், ஸ்டோர்ஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் ‘பாக்கி எதுவும் இல்லை’ என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு நேரே ஒரு பாக்கி இருந்தது. மஞ்சள் பூ, ஒரு கொத்து.

“ஆடு தின்னுட்டுன்னு சொல்லுங்க” என்றேன்.

“சொன்னேன். பொருள் சேதம்னா விசாரணை வைக்கணுமாம். அது முடிய ரெண்டு மாசம் ஆவும். டிரெய்னிங் நாளையோட முடியுது.”

உள்ளே நிற்கும் மரத்திலிருந்தே இன்னொரு கொத்தைப் பறித்துக் கொடுத்தால்? அதையும் கேட்டிருக்கிறார். வெளியே போனது வெளியிலிருந்துதான் வர வேண்டும், கேட்டில் செக்யூரிட்டி சீல் வைக்க வேண்டும். நான் உட்கார்ந்து அழுதேன். ஐந்து வருட வேலை ஓர் ஆட்டின் வயிற்றுக்குள் இருந்தது. அம்மு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இன்னாத்துக்குமா அய்வுற?” என்றாள். அன்று அந்த ‘இன்னாத்துக்கு’ எனக்கு இனித்தது. இதைக் கேட்டுக்கொண்டு இங்கேயே கிடந்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் விடியற்காலை கன்னியம்மாக்கா கதவைத் தட்டினார். “சீட்ல இன்னா எழுதிக்கீது? படி.”

“மஞ்சள் பூ, ஒரு கொத்து.”

“கொன்னப் பூவுன்னு எழுதிக்கீதா?”

“இல்லக்கா.”

நேராகக் கொல்லைக்குப் போனார். கொடிக்குள் குனிந்து பரங்கிப் பூக்களை நீளக் காம்போடு வெடுக் வெடுக்கென்று கிள்ளினார். நான் பதறி, “அக்கா, காய்!” என்றேன்.

“எல்லாம் ஆம்பளப் பூவு. காய்க்காது, கனியாது, சும்மா நிக்கும். உங்க ஆபீஸுக்கு இதான் லாயக்கு” என்று வாழைநாரால் கட்டி எங்க வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலம்தான் கேட்டில் நடந்தது எனக்குத் தெரிந்தது. செக்யூரிட்டி கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

“போனது இந்தப் பூவா? சின்னதா இருந்திச்சே.”

“பத்து நாளாயிட்டுல்லா சார். வளந்துட்டு.”

அவர் சீட்டில் ‘மஞ்சள் பூ’ என்றிருந்ததை விரல் வைத்துப் படித்து, சீலை ஓங்கிக் குத்தினார். ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்றும் எழுதினார். பிறகு குனிந்து, “இன்னாய்யா இது, ரெண்டு பூவுக்கு அடில குட்டிக் காயி கீது? போன பூவு காயோட வந்தா நா எந்தக் கணக்குல எழுதறது?” என்று கேட்டிருக்கிறார். அவற்றை வெளியே எடுத்துப் போக வேண்டுமானால் தனியாகக் கேட் பாஸ் வேண்டுமாம். எங்க வீட்டுக்காரர் கும்பிட்டு, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆக அன்று அந்தக் கம்பெனியில் மூன்று பேர் பெர்மனென்ட் ஆனார்கள், என் கணவரும் இரண்டு பரங்கிப் பிஞ்சும்.

ஆர்டரை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். கன்னியம்மாக்கா கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அதுல பெண் பூவும் ரெண்டு இருந்துச்சாமே?”

“அப்டியா? கொத்து சின்னதா தெரிஞ்சிது, கைக்கு வந்தத கிள்ளிப் போட்டேன். காத்தால அவசரத்துல எவ பாத்தா?” என்று முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பிறகு திரும்பாமலே சொன்னார்: “அந்த அவியலு செய்வியே, அத்த நாளைக்கிச் செஞ்சா ஒரு கிண்ணம் குடு. அந்தத் தல எண்ணெ ஊத்தியே குடு, பரவால்ல.”